கஜினி அரண்மனை எழுத்தரை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி இதுதான்: "இடைக்கால அரசவை வரலாறுகள் எல்லாம் சம்பளத்துக்குப் பாடிய புகழ்ப்பாட்டு. பாரசீக மொழியில் கஜினி சுல்தான்களின் வரலாற்றை எழுதிய பைஹகியை மட்டும் ஏன் எல்லாரும் நம்புகிறார்கள்? அவரும் சுல்தானிடம் சம்பளம் வாங்கியவர்தானே?"

வாங்கியவர்தான். ஆனால் எந்த வேலைக்கு வாங்கினார், அந்த வரலாற்றுப் புத்தகத்தை எப்போது எழுதினார் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

அதற்குமுன் ஒரு பெயர்க் குழப்பம். பைஹகி என்றதும் நம் ஊர் முஸ்லிம் வாசகர்களுக்கு ஹதீஸ் தொகுத்த இமாம் பைஹகீதான் நினைவுக்கு வருவார். அவர் வேறு. இருவருமே குராசானின் பைஹக் வட்டாரத்துக்காரர்கள், இன்றைய ஈரானில் சப்ஸவார் பக்கம். இமாம் பிறந்தது 994, நம் ஆள் அபுல் ஃபஸ்ல் பைஹகி பிறந்தது 995. அக்பரின் அபுல் ஃபசலோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர் ஐந்நூறு வருடத்துக்கு மேல் பிந்தியவர்.

இன்னொன்று, நாம் பள்ளிக்கூடத்தில் 'கஜினி முகமது' என்று படித்தவரின் உண்மையான பெயர் மஹ்மூத். முஹம்மது என்பது அவருடைய மகன்களில் ஒருவரின் பெயர். 1030இல் மஹ்மூத் இறந்ததும் அரியணையில் உட்கார்ந்தது அந்த முஹம்மது. சில மாதங்களிலேயே அவரைப் பிடித்து அடைத்துவிட்டு ஆட்சிக்கு வந்தவர் இன்னொரு மகன் மசூத். பைஹகியின் வரலாற்றில் நமக்குக் கிடைத்திருப்பது இந்த மசூதின் கதைதான்.

பைஹகி பார்த்த வேலை, சுல்தானின் கடிதங்களை எழுதுவது. சோழர் கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை' என்று ஓர் அதிகாரி வருவார் அல்லவா, அரசன் வாயால் சொன்னதை ஓலையில் இறக்குபவர்? அந்த மாதிரி ஒரு அலுவலகம் கஜினியில் இருந்தது. திவான்-இ-ரிசாலத் என்று பெயர். அதன் தலைவர் அபூ நஸ்ர் முஷ்கான். அவருக்குக் கீழே பைஹகி 19 ஆண்டுகள் வேலை பார்த்தார். கலீபாவுக்குப் போகும் கடிதம், எல்லையில் இருக்கும் தளபதிக்குப் போகும் மிரட்டல், பக்கத்து அரசனோடு செய்துகொண்ட உடன்படிக்கை என்று எல்லாம் இவர்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். வரலாறு எழுதச் சொல்லி இவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மெய்க்கீர்த்தி பாடுகிற வேலைக்கு அங்கே வேறு ஆட்கள், அதாவது கவிஞர்கள், ஏராளமாக இருந்தார்கள்.

கோப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இவரைச் சட்டென்று பிடித்துப்போகும். முக்கியமான கடிதங்களுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டார், நாட்குறிப்பும் வைத்திருந்தார். அதனால்தான் இன்ன மாதம், இன்ன கிழமை, இன்ன ஊரில் சுல்தான் தங்கினார் என்று அவரால் எழுத முடிந்தது. பின்னாளில் அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி பறிபோனது. அவற்றை வேண்டுமென்றே அழிக்காமல் விட்டிருந்தால் இந்த வரலாறு வேறு நிறத்தில் வந்திருக்கும் என்று புத்தகத்துக்குள்ளேயே புலம்புகிறார். யார் அழித்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் வாழ்க்கையும் லேசுப்பட்டதல்ல. 1039இல் அபூ நஸ்ர் இறந்ததும் அந்த இடத்துக்கு பைஹகியின் பெயர் அடிபட்டது. அவர் ரொம்ப இளைஞர் என்று சொல்லி சுல்தான் தட்டிக்கழித்தார். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் அப்போது அவருக்கு வயது 46! பதவி அபூ சஹ்ல் ஸவ்ஸனி என்பவருக்குப் போனது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும். அப்துர் ரஷீத் என்ற சுல்தான் காலத்தில், ஐம்பது வயதைத் தாண்டியபிறகு, ஒருவழியாகத் தலைவர் பதவி கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. பதவியைப் பறித்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் (மணக்கொடை) பாக்கி என்ற வழக்கில் காஜி சிறையில் அடைத்தார். இடையில் ஆட்சியைப் பிடித்த ஓர் அடிமைத் தளபதி, பழைய அரண்மனை ஊழியர்களையெல்லாம் கோட்டையில் தள்ளியபோது இவரும் அங்கே போனார். வெளியே வந்தவர் வீட்டோடு இருந்துகொண்டு, அறுபது வயதுக்குமேல் உட்கார்ந்து எழுதினார். 1077இல் இறந்தார்.

எழுதியது முப்பது தொகுதிகள் என்கிறார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, அதே வட்டாரத்து அறிஞர் இப்னு ஃபுந்துக் தேடியபோதே முழுசாக ஓரிடத்திலும் இல்லை. சில தொகுதிகள் சரக்ஸ் நூலகத்தில், சில நிஷாப்பூரில் என்று சிதறிக் கிடந்தன. இன்று நம்மிடம் இருப்பது ஐந்தாம் தொகுதியின் ஒரு பகுதியிலிருந்து பத்தாம் தொகுதியின் ஒரு பகுதிவரை. அச்சில் முதலில் வந்தது கல்கத்தாவில், 1862இல்.

சரி, நம்பிக்கை விஷயத்துக்கு வருவோம். ஹஸனக் என்பவரைத் தூக்கிலிட்ட அத்தியாயம் ஒன்றே போதும், ஆளை எடைபோட.

ஹஸனக் மஹ்மூதின் கடைசி வசீர் (முதல் மந்திரி), நிஷாப்பூரின் பெரிய குடும்பம். ஹஜ்ஜுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எகிப்தின் ஃபாத்திமிய கலீபா கொடுத்த அங்கியை வாங்கிக்கொண்டார். பாக்தாத் கலீபாவுக்கு அவர்கள் பரம எதிரிகள். ஹஸனக் 'கர்மதி', அதாவது மதவிரோதி, என்று பாக்தாத் குற்றம் சாட்டியது. அந்த பாக்தாத் கலீபாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று திட்டித்தீர்த்த மஹ்மூத், அங்கியை பாக்தாத்துக்கு அனுப்பி எரிக்கவைத்து விஷயத்தை முடித்தார். ஆனால் ஹஸனக் இன்னொரு தப்பும் செய்திருந்தார். மஹ்மூத் இருந்த காலத்தில் முஹம்மதுவின் பக்கம் நின்று, "நீ சுல்தானாக வந்தால் என்னைத் தூக்கில் போடு" என்று மசூதுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மசூத் வந்துவிட்டார். பழைய குற்றச்சாட்டைத் தூசு தட்டி எடுத்தவர் அபூ சஹ்ல் ஸவ்ஸனி.

விசாரணை நாளன்று பைஹகி வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஹஸனக்கைக் கூட்டிவருகிறார்கள், விலங்கு இல்லை. கறுப்பாகிக்கொண்டிருக்கும் மை நிற ஜுப்பா, பழசானாலும் படு சுத்தமான மேலாடை, தேய்ந்துபோன நிஷாப்பூர் தலைப்பாகை, காலில் மட்டும் புது பூட்ஸ். தலைமுடியைத் தலைப்பாகைக்குள் ஒழுங்காகச் சொருகியிருந்தார், கொஞ்சம்தான் வெளியே தெரிந்தது. வீழ்ந்துபோன மந்திரியின் நிலையை உடுப்பை வைத்தே காட்டிவிடுகிறார்.

பிறகு கதவு சாத்தப்படுகிறது. உள்ளே நடந்ததை பைஹகி பார்க்கவில்லை. "நஸ்ர் கலஃப் என் நண்பர், அவரிடம் கேட்டேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறார். கண்ணால் கண்டது எதுவரை, காதால் கேட்டது எங்கிருந்து என்று கோடு போட்டுக் காட்டும் பழக்கம் அவருக்கு எப்போதும் உண்டு. இவரை நம்புவதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

உள்ளே எல்லாரும் எழுந்து மரியாதை செய்தார்கள். அபூ சஹ்ல் மட்டும் அரைகுறையாக எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஹஸனக்கின் சொத்தையெல்லாம் சுல்தானுக்கு 'விற்றதாக' எழுதி வாங்கினார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, விலையும் போட்டு, சாட்சிக் கையெழுத்தோடு. கொல்லப்படப்போகிறவனிடம் கிரயப் பத்திரம்! அபூ சஹ்ல் 'கர்மதி நாய்' என்று திட்டினார். ஹஸனக் பதிலுக்கு, சாவு எல்லாருக்கும் வரும், கர்பலாவில் கொல்லப்பட்ட நபியின் பேரர் ஹுசைன் இப்னு அலியைவிட நான் பெரியவனில்லை என்றார். இன்று என்னைத் திட்டும் இவர் என்னைப் புகழ்ந்து கவிதை பாடி என் வாசலில் நின்றவர்தான் என்றும் சொன்னார். மசூதின் வசீர் மைமந்திதான் அபூ சஹ்லை அடக்க வேண்டியிருந்தது.

தூக்கிலிட்ட நாள். 1032, பல்க் நகரம். பாக்தாத்திலிருந்து கலீபாவின் கடிதம் வந்திருப்பதுபோல இரண்டு பேருக்குத் தூதர் வேஷம் போட்டு நிறுத்தினார்கள். அது நாடகம் என்று பைஹகி மறைக்காமல் எழுதுகிறார். கல்லெறியச் சொன்னார்கள். ஒருவரும் கல்லைத் தொடவில்லை, நிஷாப்பூர்க்காரர்கள் விம்மி அழுதார்கள். கடைசியில் சில ரவுடிகளுக்கு வெள்ளிக்காசு கொடுத்து எறியவைத்தார்கள். அதற்குள் ஆள் செத்திருந்தார், தூக்குப்போடுபவன் கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டிருந்தான்.

அதன்பின் அபூ சஹ்ல் வைத்த விருந்து. மூடிய தட்டொன்றைக் கொண்டுவரச் சொன்னார், புதுப் பழம் வந்திருக்கிறது என்று. திறந்தால் ஹஸனக்கின் தலை. எல்லாரும் உறைந்துபோக, அவர் மட்டும் சிரித்தார். இதையும் இன்னார் சொல்லக் கேட்டேன் என்று பெயரோடு எழுதுகிறார். உடல் ஏழு ஆண்டுகள் அங்கேயே தொங்கியது. சேதியைத் தாயிடம் இரண்டு மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தார்கள். தெரிந்தபோது அந்தம்மா கதறி ஊரைக் கூட்டவில்லை. "என் மகன் எவ்வளவு பெரியவன்! மஹ்மூத் மாதிரி ஒரு ராஜா இந்த உலகத்தைக் கொடுத்தான், மசூத் மாதிரி ஒரு ராஜா அந்த உலகத்தைக் கொடுத்தான்" என்றார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த அபூ சஹ்ல்தான் பின்னாளில் பைஹகியின் மேலதிகாரி. அவரிடம் பட்ட பாட்டில், என்னை மாற்றிவிடுங்கள் என்று சுல்தானுக்கே எழுதிக் கொடுத்தார். பழிதீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, அவர் செத்துப் பல வருடமாகிறது, எனக்குக் கெடுதல் செய்தவர்தான், ஆனாலும் 'இந்தக் கிழவனுக்கு வெட்கமில்லையா' என்று படிப்பவர்கள் கேட்கும்படி எதையும் எழுதமாட்டேன் என்கிறார். நல்ல குடும்பம், படிப்பாளி, ஆனால் குரூரம் பிறவிக்குணம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஆனால் முழுக்கண்ணையும் மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். அவர் எழுதிய காலத்தில் ஆண்டவர்கள் ஃபர்ருக்ஸாதும், அவருக்குப்பின் இப்ராஹீமும். இருவருமே மசூதின் மகன்கள். அப்பனைப் பற்றி மகன் ஆட்சியில் எழுதுகிறவர் எவ்வளவு சொல்ல முடியும்? மசூத் பிடிவாதக்காரர், யார் பேச்சையும் கேட்கமாட்டார் என்பதுவரை சொல்வார். அதற்கு மேலே போக வேண்டிய இடம் வந்தால் ஊழ், இறைவன் விதித்தது என்று முடித்துக்கொள்வார். இவர் எங்கெல்லாம் விதியைக் கூப்பிடுகிறாரோ அங்கெல்லாம் சுல்தானின் தப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கம். பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

சொல்ல முடியாததை வேறு வழியில் சொல்லும் சாமர்த்தியமும் உண்டு. குராசானில் வரி வசூலித்த சூரி என்பவர் சுல்தானுக்கு 500 சுமை பரிசு அனுப்பினார். பார்த்த சுல்தானுக்கு வாயெல்லாம் பல். "சூரி மாதிரி இன்னும் இரண்டு பேர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றார். பக்கத்தில் நின்ற கணக்கு அதிகாரி ஆமாம் போட்டார். அந்தப் பணம் சேர குராசான் மக்கள் பட்ட பாட்டை அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை என்று அவர் பிறகு சொன்னதை பைஹகி அப்படியே எழுதிவிட்டார். சுல்தானைத் தான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நொந்துபோன குராசான் பெரியவர்கள் எல்லைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கடிதம் எழுத, செல்ஜூக் துருக்கியர் உள்ளே வந்ததும் அடுத்துத் தொடர்கிறது.

அந்த செல்ஜூக்குகளிடம்தான் 1040 மே மாதம் மெர்வுக்கு அருகே தந்தானகானில் மசூத் குராசானையே தோற்றார். பைஹகி அந்தப் படையில் இருந்தார். கோட்டை வாசலில் நின்றபோது, உள்ளே ஐந்து கிணறு இருக்கிறது, வெளியே இருப்பவற்றில் எதிரி பிணத்தைப் போட்டு மூடிவிட்டான், சீக்கிரம் தூர்வாரிவிடலாம், இங்கேயே தங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சுல்தான் கேட்கவில்லை. அடுத்த நீர்நிலைக்குப் போவோம் என்று நகர்ந்தார். நகர்ந்ததும் ஒழுங்கு குலைந்தது, அரண்மனை அடிமைவீரர்கள் 370 பேர் எதிரியோடு போய்ச் சேர்ந்தார்கள். ஓடித் தப்பித்த வழியில், தோல்வியை அர்ஸ்லான் கான் என்ற துருக்கிய மன்னருக்குப் பக்குவமாகச் சொல்லும் கடிதத்தை எழுதும் வேலை பைஹகி தலையில் விழுந்தது. எழுதினார். பல ஆண்டு கழித்து, போர்க்களத்தில் தான் கண்டதையும் எழுதி, அந்தப் பூசி மெழுகிய கடிதத்தையும் முழுசாகப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரசாங்கக் கடிதம் எப்படித் தயாராகிறது என்று புரியும். சமைத்தவரே சமையலறையைத் திறந்து காட்டுகிறார்.

மந்திரதந்திரக் கதைகள்மேல் அவருக்கு எரிச்சல். பாலைவனத்துப் பூதம், ஒருத்தனைக் கழுதையாக்கிய கிழவி, காதில் எண்ணெய் தடவி அவனைத் திரும்ப மனிதனாக்கிய இன்னொரு கிழவி என்றால் ஜனங்கள் ராத்திரியெல்லாம் கேட்பார்கள், உண்மையைச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். குவாரிஸம் நாட்டைப் பற்றி எழுத வேண்டியபோது அறிஞர் அல்பிரூனி அந்த நாட்டைப் பற்றி எழுதியிருந்த நூலைத்தான் கையில் எடுத்தார். அந்த நூல் இன்று இல்லை, பைஹகி எடுத்தாண்ட பகுதி மட்டும் தப்பியிருக்கிறது.

அதற்காக வறட்டு ஆசாமி என்று நினைக்க வேண்டாம். மசூத் ஒருநாள் அரை மன் ('மன்' ஓர் எடை அளவு) பிடிக்கும் கோப்பையில் 27 கோப்பை மது குடித்தார். கூட உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்துகொண்டிருக்க, இவர் எழுந்து முகம் கைகால் கழுவித் தொழுதுவிட்டு, குடிக்காத ஆள் மாதிரி யானையேறிப் போனார். "இதை அபுல் ஃபஸ்லாகிய நான் என் கண்ணால் பார்த்தேன்" என்கிறார். கண்டிக்கிறாரா, வியக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தன் ஆசான் அபூ நஸ்ரின் மரணத்துக்கு வந்தபோது, பேனாவைக் கொஞ்சம் அழவிடுகிறேன் என்று எழுதினார். அந்த ஆசான் விஷயத்தில் மட்டும் அவரிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். அபூ நஸ்ர் எங்கும் தப்பே செய்யமாட்டார்.

இந்திய வாசகர்களுக்கு இதில் வேறு புதையலும் உண்டு. திலக் என்ற இந்து, நாவிதரின் மகன். இந்தியிலும் பாரசீகத்திலும் நன்றாக எழுதுவார். துபாஷியாக நுழைந்து, மசூதின் படைத்தளபதியாக உயர்ந்தார். பொன்னாடை போர்த்தி, மணிமாலை அணிவித்து, இந்துத் தலைவர்களின் வழக்கப்படி அவர் கூடாரத்தில் முரசு கொட்ட அனுமதித்தார்கள். காசியைக் கொள்ளையடித்த லாகூர்த் தளபதி அஹ்மத் நியால்தகீன் கலகம் செய்தபோது, அந்த முஸ்லிம் தளபதியை அடக்க கஜினி அனுப்பியது இந்தத் திலக்கைத்தான். மதத்தை வைத்து மட்டும் அந்தக் காலத்தைப் படிப்பவர்களிடம் இந்த அத்தியாயத்தைக் காட்டிப் பாருங்கள்.

கடைசியாக நான் அடிக்கடி திருப்பிப் படிக்கும் இடம் ஒன்று. மசூத் ஆற்றில் படகு கவிழப்போய்ப் பிழைத்து, காய்ச்சலில் படுத்திருக்கிறார். கடிதத்தோடு பைஹகியை உள்ளே விடுகிறார்கள். இருட்டாக்கிய அறை, நனைத்த துணித் திரைகள், பெரிய பாத்திரங்களில் பனிக்கட்டி, சுல்தானின் கழுத்தில் கற்பூர மாலை. இரண்டு பொற்கிழிகளைக் கொடுத்து, புஸ்த் ஊர் ஏழைக் காஜிக்கும் அவர் மகனுக்கும் இதைச் சேர்ப்பிக்கச் சொல் என்று பைஹகி வழியாக அபூ நஸ்ருக்குச் சொல்லியனுப்புகிறார். அப்பா இந்தியாவில் பொற்சிலைகளை உடைத்து உருக்கிக் கொண்டுவந்தது, இதைவிட ஹலாலான பணம் கிடையாது என்றும் சொல்கிறார்.

அபூ நஸ்ர் காஜியைக் கூப்பிட்டுக் கிழிகளை வைத்தார். காஜி சுல்தானுக்காகத் துஆ செய்துவிட்டு, ஏற்றுக்கொண்டேன், அப்படியே திருப்பியும் கொடுத்துவிட்டேன் என்றார். மறுமைக் கணக்கு நெருங்கிவிட்டது, இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. கலீபாவே வாங்கிக்கொள்ளும் பணத்தை நீங்கள் வேண்டாம் என்கிறீர்களே என்று அபூ நஸ்ர் கேட்டார். கலீபா விஷயம் வேறு என்றார் காஜி. அந்தப் படையெடுப்புகளில் மஹ்மூதோடு நீங்கள் இருந்தீர்கள், நான் இல்லை. அவை நபிவழிப்படி நடந்தனவா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அப்படியானால் வாங்கி ஏழைகளுக்காவது கொடுங்கள் என்றதற்கு, பொன்னை வேறொருத்தன் கொண்டுபோவான், கணக்கு மட்டும் நான் சொல்லணுமா என்று கேட்டார். மகனும் வாங்கவில்லை, நான் இவருக்குப் பிறந்தவன் என்றான்.

அபூ நஸ்ர் அழுதுவிட்டார். மறுநாள் ஒரு சீட்டு எழுதி, பொன்னை அரண்மனைக்கே திருப்பி அனுப்பினார்.